மன்னிப்புக்குப் பின் என்ன? கனடாவின் நல்லிணக்கப் பட்டறைகள்

பால்வெட்டும் தொழிலை எவரும் ஏட்டைப் படித்து மட்டும் கற்றுவிடுவதில்லை. அனுபவம் மிக்க ஒருவரின் அருகில் நின்று, அவர் கத்தி பிடிக்கும் முறையைக் கண்டு, பின்னர் தம் கையால் வெட்டிப் பழகியே கற்கின்றனர். எந்த ஆழத்தைத் தாண்டினால் மரம் காயப்படும் என்பதைக் கையே உணர்ந்துகொள்கிறது. தொழிலுக்குப் பொருந்தும் இம்முறை, பகைமையாலும் அநீதியாலும் பிரிந்துபோன இரு சமூகங்களை இணைக்கவும் உதவுமா? இக்கேள்விக்குக் கனடா நாட்டின் அனுபவம் ஒரு விடை தருகின்றது.

பிரிக்கப்பட்ட பிள்ளைகள்

கனடாவின் பூர்வகுடி மக்கள் முதற்குடியினர், இனுயிட், மெத்தி என மூன்று பெரும் பிரிவினராவர். முதலிரு பிரிவினரும் ஐரோப்பியர் குடியேற்றத்துக்கு நெடுங்காலம் முன்பிருந்தே அம்மண்ணில் வாழ்ந்து வருபவர்கள். மெத்தி இனத்தார், பூர்வகுடியினரும் ஐரோப்பியரும் மணந்து கலந்ததால் தோன்றிய மரபினர்.

19-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு அரசாங்கம், கிறிஸ்துவத் திருச்சபைகளின் துணையோடு, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென விடுதிப் பள்ளிகளை நடத்தத் தொடங்கியது. பிள்ளைகளை அவர்தம் மொழி, சமயம், வழக்கங்கள் ஆகியவற்றிலிருந்து அறவே விலக்குவதே அதன் நோக்கமாக இருந்தது. ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். தாய்மொழியில் பேசியதற்காகப் பலர் தண்டிக்கப்பட்டனர். நோயாலும் பசியாலும் கொடுமையாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இப்பள்ளிகளுள் இறுதியானவை 1990-களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டன.

1973-இல் பிலிஸ் வெப்ஸ்டாட் என்னும் ஆறு வயதுச் சிறுமி, பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் இத்தகைய பள்ளி ஒன்றிற்குச் சென்றாள். பாட்டி ஆசையோடு வாங்கித் தந்த செம்மஞ்சள் நிறச் சட்டையை அணிந்து சென்றாள். முதல் நாளிலேயே அச்சட்டை பறிக்கப்பட்டது. அது திரும்பக் கிடைக்கவே இல்லை. பின்னாளில் அவர் வெளியிட்ட இந்நிகழ்ச்சியின் நினைவாக, 2013 முதல் செப்டம்பர் 30-ஆம் நாள் செம்மஞ்சள் சட்டை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2021-இல் அந்நாள் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாகவும் அறிவிக்கப்பட்டது.

உண்மையே முதற்படி

2008-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், அந்நாளைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். அதே ஆண்டில் உண்மை, நல்லிணக்க ஆணையம் அமைக்கப்பட்டது. பூர்வகுடி நீதிபதியான மர்ரி சின்க்ளேர் 2009 முதல் அதற்குத் தலைமை தாங்கினார். 6,000-க்கும் மேற்பட்டோரின் வாக்குமூலங்களைக் கேட்ட அவ்வாணையம், 2015-இல் 94 செயல் அழைப்புகளை வெளியிட்டது. இவ்வரலாற்றை நாட்டின் எல்லா மாணவர்களுக்கும் கற்பிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கல்வியின் பெயரால் நேர்ந்த தீங்கைக் கல்வியாலேயே நீக்க வேண்டும் என்பது சின்க்ளேர் வலியுறுத்திய கருத்தாகும்.

கம்பளி சொல்லும் வரலாறு

எனினும், பாடப்புத்தகம் அறிவைத் தரலாம்; மனத்தைத் தொடுவது வேறு. இதனைக் கருதி, பூர்வகுடி மூத்தோரின் துணையுடன் 1997-இல் ஒரு பயிற்சி உருவாக்கப்பட்டது. தரையில் கம்பளிப் போர்வைகள் விரிக்கப்படும். அவையே நிலம். பங்கேற்போர் அவற்றின்மேல் பூர்வகுடியினராக நிற்பர். ஒருவர் வரலாற்றை வாசிக்க வாசிக்க, போர்வைகள் மடிக்கப்பட்டுச் சுருங்கும். பெரியம்மையால் மாண்டோரின் இடத்தில் நிற்பவர் வெளியேற, பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டோரின் இடத்தில் நிற்பவர் தனியே பிரிக்கப்படுவர். இறுதியில், காலூன்றவும் இடமின்றிச் சிலரே நிற்பர். பிறகு அனைவரும் வட்டமாக அமர்ந்து, ஒருவர் பேச மற்றவர் கேட்கும் முறையில், தாம் உணர்ந்ததைக் கூறுவர்.

கைகளின் கல்வி

ஆட்டாவா நகரில் 2007-இல் ஓர் ஆசிரியையும் அவர்தம் மாணவர்களும் மற்றொரு முயற்சியைத் தொடங்கினர். விடுதிப் பள்ளிகளின் வரலாற்றைக் கற்ற பிறகு, அங்குத் துன்புற்று மாண்ட பிள்ளைகளின் நினைவாக ஒவ்வொரு மாணவரும் ஒரு சிறு மரவில்லையில் ஓவியம் தீட்டுவர். எண்களாக இருந்தவர்கள் இவ்வாறு தம் வயதொத்த பிள்ளைகளாக அவர்கள் மனத்தில் இடம்பெறுகின்றனர்.

பறை செய்யும் பட்டறைகளும் பல இடங்களில் நடைபெறுகின்றன. மான் தோலை நீரில் ஊறவைத்து, வட்ட மரச்சட்டத்தின்மேல் இழுத்து, தோல்வாரால் பின்னி, உலர விடுவர். உலர உலரத் தோல் இறுகி ஒலி பிறக்கும். தோலைத் தந்த விலங்குக்கும் மரத்துக்கும் நன்றி கூறுவது முதற் பாடம். பறையொலி பூமித்தாயின் இதயத்துடிப்பு என்பது பல குலத்தாரின் நம்பிக்கை.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. மேற்குக் கரைக் குலத்தாரின் பாட்லாட்ச் என்னும் கொடை விழாவை 1884-இல் இயற்றப்பட்ட சட்டம் தடை செய்தது. அத்தடை 1951-இல்தான் நீங்கியது. அன்று குற்றமெனப்பட்ட மரபுகளை இன்று பூர்வகுடி மூத்தோர் ஆசான்களாக அமர்ந்து கற்பிக்கின்றனர். குடியேறியோரின் பேரப்பிள்ளைகள் மாணவர்களாக அமர்ந்து கற்கின்றனர். தாழ்த்தப்பட்டவர் ஆசானாக உயர்வதே இப்பட்டறைகளின் உண்மையான பயன் எனலாம்.

பட்டறை மட்டும் போதுமா?

போதாது. நில உரிமை வழக்குகள் இன்னும் முடியவில்லை. சில பூர்வகுடிக் குடியிருப்புகளில், குழாய்நீரைக் காய்ச்சாமல் குடிக்கலாகாது என்னும் எச்சரிக்கை பல ஆண்டுகள் நீடித்ததுண்டு. 94 அழைப்புகளுள் பல நிறைவேறக் காத்திருக்கின்றன. ஒரு நாள் பறை செய்து வீடு திரும்பியவர், நல்லிணக்கம் முடிந்துவிட்டதென எண்ணினால் அது வெறும் பொழுதுபோக்கே ஆகும். அண்டை வீட்டாரின் துயரத்தை அறிந்தவர், அவர்தம் நியாயமான கோரிக்கைக்கும் துணை நிற்க வேண்டும்.

பல இன மக்கள் அடுத்தடுத்து வாழும் நமக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. ஒருவர் பண்பாட்டை மற்றவர் தொலைவிலிருந்து பார்ப்பதைவிட, அருகில் அமர்ந்து அவரிடமே கேட்டுக் கற்பது சிறந்தது. உண்மையை மறைத்து எழுப்பிய ஒற்றுமை நிலைக்காது. ஆழமாக வெட்டுப்பட்ட மரத்தில் பட்டை ஒரே நாளில் வளர்வதில்லை என்பதை நாம் அறிவோம். மேலும் காயப்படுத்தாமல், பொறுமையோடு பேணினால் புதுப்பட்டை வளரும். மனித மனமும் அத்தகையதே.