நேற்றும் நாளையும் ஒரே இடத்தில்

கனடாவில் 1981-ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளையில் பலத்த அடிபட்டுப் பிழைத்தார் முப்பது வயது மனிதர் ஒருவர். உளவியல் ஆய்வுகளில் அவர் பெயர் கே.சி. சற்று நேரம் பேசிக்கொண்டிருப்பவருக்கு அவரிடம் எந்தக் குறையும் தென்படாது. சதுரங்கம் ஆடுவார், இதற்கு முன் யாரோடு ஆடினீர்கள் என்றால் ஓர் ஆட்டம்கூட ஞாபகத்தில் இல்லை. உடன்பிறந்தவர் இறந்துபோனது தெரியும். அந்தச் செய்தி வந்தபோது தான் எங்கிருந்தோம், யார் சொன்னார்கள், கேட்டு என்ன ஆனோம் என்பது தெரியாது. தன் வாழ்க்கையையே யாரோ ஒருவருடையதைப் போல, வெறும் தகவலாகத்தான் அறிந்திருந்தார்.

அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் டொராண்டோவின் எண்டல் டல்விங். நினைவில் இரு வகை உண்டு என்று 1972-லேயே எழுதியவர். பால் கொதித்தால் பொங்கும் என்பது பொது அறிவு. அதை என்றைக்குக் கற்றோம் என்று யாராலும் சொல்ல முடியாது. பால் பொங்கி வழிய, ஓடிவந்து வெறுங்கையால் பாத்திரத்தைப் பிடித்துச் சுட்டுக்கொண்ட அந்தக் காலைப்பொழுது, நிகழ்வு நினைவு. அதை நினைக்கும்போது மறுபடி அந்த அடுப்படியிலேயே போய் நிற்கிறோம். கே.சி.யால் அப்படிப் போக முடியவில்லை.

டல்விங் அவரிடம் கேட்ட இன்னொரு கேள்விதான் எனக்குப் பெரிய வியப்பு: நாளைக்கு என்ன செய்வீர்கள்? அவருக்குப் பதில் தெரியவில்லை. நேற்றை நினைத்தாலும் நாளையை நினைத்தாலும் மனதில் ஒரே மாதிரி வெறுமைதான் என்றார்.

நினைவு போனால் கற்பனையும் போய்விடுமா என்பதை 2007-இல் லண்டனில் டெமிஸ் ஹசாபிஸ், எலினோர் மக்வையர் ஆய்வுக்குழு நேரடியாகச் சோதித்தது. மூளையின் உட்பக்கம் வளைந்து கிடக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி பழுதடைந்தவர்களிடம், அழகான கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து சொல்லச் சொன்னார்கள். ஒருவருக்குக் கடற்பறவைகளின் சத்தம் கேட்டது, விரலிடுக்கில் மணல் உறுத்தியது; கண்ணுக்கோ வானத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. துண்டுகள் இருந்தன, காட்சியாகச் சேரவில்லை.

நமக்குள்ளும் நடந்தது நடந்தபடி முழுதாக இருப்பதில்லை. முகம், குரல், இடம் என்று பிரிந்து கிடப்பவற்றை நினைக்கும்போதெல்லாம் மூளை கூட்டிக் கட்டுகிறது. அதே துண்டுகளை வேறு விதமாகக் கட்டினால், இன்னும் நடக்காதது கண்முன் வருகிறது: நாளைய நேர்காணல், கடன் கேட்கப் போகும் வீட்டில் பேச்சை எப்படித் தொடங்குவது என்பது. பழையதை அசைபோடுவதற்கென்று மட்டும் இந்தத் திறன் நமக்கு வாய்த்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வரப்போவதற்கு ஆயத்தமாகத்தான் இது இவ்வளவு நெகிழ்வாக இருக்கிறது.

நெகிழ்வு என்றால் பிசகும் உண்டு. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்த மறுநாள் காலை, அந்தச் செய்தி எப்படித் தெரிந்தது என்று அமெரிக்க மாணவர்களிடம் எழுதி வாங்கினார் உளவியலாளர் உல்ரிக் நைசர். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களையே மறுபடி எழுதச் சொன்னார். வகுப்பில் கேள்விப்பட்டதாக முதலில் எழுதிய மாணவி, அறைத்தோழியோடு தொலைக்காட்சியில் பார்த்ததாக இப்போது உறுதியாக எழுதினார். மாணவர்களிடம் பழைய தாள்களைக் காட்டியபோது, கையெழுத்து தங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். அப்படி நடந்த ஞாபகம் மட்டும் யாருக்கும் திரும்பவில்லை.