ஒருவரின் கருத்துக்கு ஊரே விலை கொடுப்பதா?

சிறு வர்த்தகர் ஒருவர் தமது சொந்தக் கருத்தைப் பகிரங்கமாக வெளியிடுவது இந்நாட்டில் எத்தகைய விபரீதத்தில் முடியலாம் என்பதை, 2019 மே மாதம் சிலாபத்தில் இடம்பெற்ற சம்பவம் உணர்த்தியது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நிகழ்ந்து மூன்று வாரங்களே கடந்திருந்தன. அங்கு கடை நடத்திவந்த முஸ்லிம் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிப்பவர் ஒருநாள் அழ நேரும் என்பதே அதன் பொருள். அது மிரட்டலாகக் கொள்ளப்பட்டது. பள்ளிவாசல்களும் முஸ்லிம்களின் கடைகளும் கல்வீச்சுக்கு இலக்காகின. எழுதியவர் கைது செய்யப்பட்டார்.

விடயம் அத்துடன் முடிவடையவில்லை. மறுநாள் குருநாகல், கம்பஹா மாவட்டங்களிலும் வன்முறை வெடித்தது. மினுவாங்கொடையில் கடைகள் தீக்கிரையாகின. கொட்டாரமுல்லையில் தச்சுத் தொழில் செய்துவந்த ஒருவர் கொல்லப்பட்டார். அந்த ஒரு வரிக்கும் இவர்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை.

பெரிய கம்பனி என்பது சட்டத்தின் பார்வையில் அதன் உரிமையாளரிலிருந்து வேறான ஒன்று. தனி உரிமையாளரின் கடைக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. கடையின் கடன் அவரது கடன். கடையின் பெயர் பெரும்பாலும் அவரது பெயர். பெயர்ப்பலகையே அவரது இனத்தையும் மதத்தையும் அறிவித்துவிடுகிறது. எனவே அவர் பேசுவது அவரது கடை பேசுவதாகவும், சில வேளைகளில் அவரது சமூகமே பேசுவதாகவும் கருதப்படுகிறது.

எமது அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தையும் சட்டபூர்வமான தொழிலில் ஈடுபடும் சுதந்திரத்தையும் ஒருங்கே வழங்குகின்றது. ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழக்க வேண்டும் என அது கூறவில்லை. மறுபுறம், இன, மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு வழிகோலும் பேச்சு 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குற்றமாகும். அக்குற்றத்துக்குப் பத்து வருடங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். ஒருவர் எல்லை மீறினாரா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றமே அன்றி வீதியில் திரளும் கும்பல் அல்ல.

"வியாபாரிக்கு அரசியல் எதற்கு, வாய்மூடி இருப்பதே நல்லது" என்று சிலர் அறிவுரை கூறுவர். ஆனால் மௌனம் எமது கடைகளைக் காத்ததில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் கடைகளும், 2014 ஜூனில் அளுத்கமவில் முஸ்லிம்களின் கடைகளும் எரிக்கப்பட்டது அவற்றின் உரிமையாளர்கள் ஏதேனும் பேசியதற்காக அல்ல.

ஆயினும் பதற்றமான வேளைகளில் சொற்களை அளந்து பேசும் பொறுப்பு வர்த்தகர்களுக்கு உண்டு. பல பொருள் தரும் சொற்களும் ஆத்திரத்தில் எழுதும் பதில்களும் தவிர்க்கப்பட வேண்டியவை. தவறாக விளங்கிக் கொள்ளப்படும்போது உடன் விளக்கமளிக்க வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களும் துணைநிற்க வேண்டும்.

அதேவேளை நாம் எம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் ஊர்களில், ஒரு கடைக்காரர் கூறியதற்காக அவரது சமூகத்தார் அனைவரினதும் கடைகளைப் புறக்கணிக்குமாறு எவரேனும் கோரினால், நாம் என்ன செய்வோம்? ஒருவரின் கருத்து பிடிக்கவில்லையெனில் அவருக்கு மறுப்புக் கூறலாம். அவர் கடைக்குச் செல்லாமலும் இருக்கலாம். அடுத்த கடைக்காரரைத் தண்டிக்க எமக்கு உரிமையில்லை. சிலாபத்தில் இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டிக்கும் நாம், அதன் சிறு வடிவத்தையேனும் எமது ஊரில் அனுமதிக்கலாகாது.