மணிக்கட்டில் மின்னும் பச்சை விளக்கு

ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றிய கையோடு திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மின்னுவது தெரியும். நாடித்துடிப்பை அளப்பது அந்த வெளிச்சம்தான். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுத் தோலுக்குள் கூடுதல் ரத்தம் பாய்கிறது; அப்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது. அடுத்த துடிப்புக்கு முன் மறுபடி கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் 'நிமிடத்துக்கு 72' என்று திரையில் காட்டுகிறது வாட்ச்.

வார் தளர்ந்திருந்தால் வெளி வெளிச்சம் உள்ளே புகுந்து கணக்கைக் குழப்பும். குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் குறையும். அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் மை ஒளியை மறித்துவிடும். ஓடும்போது எண் காரணமில்லாமல் எகிறினால், மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே தள்ளி இறுக்கிக் கட்டிக்கொள்வது நல்லது.

துடிப்பு விஷயத்தில் இந்தக் கருவிகளைப் பெரும்பாலும் நம்பலாம். கலோரிக் கணக்கை நம்ப முடியாது. 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 பேரைக் கொண்டு ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் சொன்னார்கள். ஆறு கருவிகளில் நாடித்துடிப்புப் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கியது. கலோரியிலோ, இருப்பதில் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது; மோசமானது 93 சதவீதம். கலோரியை அளக்கும் சென்சார் எந்த வாட்ச்சிலும் கிடையாது. வயது, எடை, உயரம், துடிப்பு, கையசைவு எல்லாவற்றையும் சேர்த்துப் போடும் உத்தேசக் கணக்கு அது. அதை நம்பி இரவில் இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிடுவது உடம்புக்கு நல்லதில்லை.

அடிகளை எண்ணுவதும் கையசைவை வைத்துத்தான். தள்ளுவண்டியைப் பிடித்தபடி கடைக்குள் சுற்றினால் பல அடிகள் விடுபட்டுப்போகும். துணி துவைத்தால் நடக்காத அடிகளும் ஏறலாம்.

நாளுக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்ற இலக்கு எங்கிருந்து வந்தது? டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடம், 1965-ல், ஒரு ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணியை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்கு 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் வைத்தது. எந்த மருத்துவ ஆய்வும் தந்த எண் இல்லை அது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் வயதான பெண்கள் 16,741 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 அடி மட்டும் நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்குப் பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை. மாலையில் 6,000-த்தில் நின்றுவிட்ட எண்ணைப் பார்த்து மனம் சோரும் பாட்டிகளுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

இந்தக் கருவி உண்மையிலேயே உயிர் காக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு: தாளம் தப்பும் இதயம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் கோளாறில், ரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பலருக்கு இதில் அறிகுறியே இருக்காது. வந்து வந்து போவதால், மருத்துவமனையில் ஈசிஜி எடுக்கும் நேரத்தில் சிக்காமலும் போகும். நாள் முழுக்கக் கையிலேயே கிடக்கும் கருவிக்கு அது சிக்க வாய்ப்பு அதிகம். ஆப்பிள் வாட்ச்சை வைத்து ஸ்டான்ஃபோர்டு நடத்திய ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள். எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு. அவர்களில், பின்னர் நெஞ்சில் ஈசிஜி பட்டை ஒட்டிப் பார்க்கப்பட்ட 450 பேரில் 34 சதவீதத்தினரிடம் அந்தக் கோளாறு பதிவானது. எச்சரிக்கை வந்தவர் பதறத் தேவையில்லை. டாக்டரிடம் போகாமல் இருக்கவும் கூடாது.

சில வாட்ச்களில் மறு கை விரலை வைத்து 30 விநாடியில் ஈசிஜியே எடுக்கலாம். ஆனால் மருத்துவமனை ஈசிஜி இதயத்தைப் 12 கோணங்களில் பார்க்கிறது. வாட்ச் பார்ப்பது ஒரே கோணத்தில். மாரடைப்பை அதனால் கண்டுபிடிக்க முடியாது. நெஞ்சு வலிக்கிறவர் வாட்ச்சில் 'நார்மல்' என்று வந்ததே என்று வீட்டில் படுத்துக்கொள்வதைப்போல ஆபத்து வேறில்லை. அந்த நேரத்தில் 108-ஐ அழைக்க வேண்டும்.

தூக்க மதிப்பெண்ணும் ஊகம்தான். உறக்கத்தை முறையாக அளக்க மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்ய வேண்டும். வாட்ச்சுக்குத் தெரிவது அசைவும் துடிப்பும். மதிப்பெண் குறைந்ததே என்ற கவலையிலேயே தூக்கம் கெட்டவர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் 2017-லேயே எழுதிவிட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் இரவில் கழற்றி வைத்துவிடலாம்.

சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஊசி குத்தாமல் ரத்தச் சர்க்கரையைக் காட்டுவதாகச் சொல்லும் வாட்ச்களும் மோதிரங்களும் இணையத்தில் விற்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக்கூடத் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தோலுக்குள் நுண்ணிய இழையைச் செலுத்தும் தனி சென்சாரை உடம்பில் ஒட்டிக்கொண்டு, அது அனுப்பும் அளவை வாட்ச் திரையில் பார்ப்பது வேறு. அங்கே அளப்பது அந்த சென்சார். வாட்ச் தானாகக் காட்டும் பொய் எண்ணை நம்பி இன்சுலின் அளவைக் கூட்டிப் போட்டுக்கொண்டால், சர்க்கரை தாழ்ந்து சில மணி நேரத்தில் நினைவிழக்க நேரிடலாம், உயிரே போகலாம்.