குளிர்காற்றோடு வரும் பூசணம்



ஊறுகாய் ஜாடியில் பூசணம் பூத்தால் அம்மா உடனே எடுத்துக் கொட்டிவிடுவார். அதே பூசணம் ஏ.சி.க்குள் பூத்தால்? யார் கண்ணிலும் படாது. ஆனால் ராத்திரி முழுக்க அதைத் தொட்டு வரும் காற்றைத்தான் சுவாசிக்கிறோம்.

அமெரிக்கா போன்ற நாடுகளில் வீடு முழுக்க டக்ட் ஓடும். ஓரிடத்தில் பூத்தது எல்லா அறைக்கும் போய்ச் சேரும். நம்ம அஸ்தம்பட்டி வீடுகளில் பெரும்பாலும் டக்ட் கிடையாது. அதெல்லாம் தியேட்டர், ஏ.சி. கல்யாண மண்டபத்தோடு சரி. வீட்டில் இருப்பது ஸ்ப்ளிட் ஏ.சி. அதன் உள் யூனிட்டே ஒரு குட்டி டக்ட்தான்!

தண்ணீர் எங்கிருந்து வருது?

1902-ல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் நவீன ஏ.சி.யை வடிவமைத்தார். ஆட்களைக் குளிர்விக்க அல்ல. காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் இடம் விலகுவதைத் தடுக்க! ஆக, ஏ.சி. பிறந்ததே காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிவதற்கு.

எவ்வளவு ஈரம்? கணக்குப் போடுவோம். 1 டன் சுமார் 3.5 கிலோவாட், 1.5 டன் என்றால் 5.25. மழைக்காலத்தில் இதில் கால் பங்கு ஈரத்தை நீராக்கவே போகிறது என்று வைத்தால் 1.3 கிலோவாட், அதாவது மணிக்குச் சுமார் 4,700 கிலோஜூல். 1 லிட்டர் நீர் சேரச் சுமார் 2,450 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். விடை, மணிக்கு 1.9 லிட்டர். எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் ஒரு குடம்!

இந்தக் குடம் டிரெயின் பைப் வழியாக வெளியேறிவிட்டால் பிரச்சினை இல்லை. பைப் சரிவு தப்பினாலோ, பாசி அடைத்தாலோ டிரேயில் தேங்கும். ஈரம் ரெடி, காயிலில் படிந்த தூசி சாப்பாடு. ஒன்றிரண்டு நாளில் பூசணம் வேர்விடத் தொடங்கும். அஸ்பெர்ஜில்லஸ் வகையின் வித்துக்கள் சில 2, 3 மைக்ரான்தான். ஸ்ப்ளிட் ஏ.சி.யின் வலை ஃபில்டர் அவற்றைப் பிடிக்காது. நல்ல உடம்புக்காரருக்குத் தும்மலோடு போகலாம். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு மூச்சே திணறும். ஈரமும் பூசணமும் சுவாசக் கோளாறோடு தொடர்புடையவை என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வழிகாட்டி நூலே வெளியிட்டது.

என்ன செய்யலாம்?

1. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

2. டிரேயில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே உடனே சொட்ட வேண்டும்.

3. புளோயரில் கறுப்புப் புள்ளி தெரிந்தால், மெயினை ஆஃப் செய்து முழுசாகக் கழுவ வேண்டும். சென்ட் அடித்து வாடையை மறைப்பது வீண்.

4. பிளீச்சிங் பவுடரும் ஆசிடும் வேண்டவே வேண்டாம். அலுமினியத் தகட்டை அரித்துவிடும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு, ஆளுக்கே ஆபத்து!

5. ஏர்கூலர் என்றால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

6. மொட்டைமாடி ஒழுகினால் முதலில் அதை அடையுங்கள். சுவர் காயாமல் ஏ.சி.யைக் கழுவிப் பயனில்லை.

7. மண்டப டக்டில் வெறும் ஜி.ஐ. தகடு என்றால் துடைக்கலாம். உள்ளே ஒட்டிய கண்ணாடிப் பஞ்சில் பூத்துவிட்டால், பிய்த்துப் போட்டுப் புதுசு வைப்பதே வழி.

லேபில் சுழற்றுகிறோமே சைக்ரோமீட்டர், அதை வீட்டில் சுழற்றிப் பாருங்கள். உலர் குமிழ் 27, ஈரக் குமிழ் 21 டிகிரி என்றால் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. அதுக்கு மேலே ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நாளை டூல்ஸ் பையோடு வீடு வீடாகப் போகப்போவது நாம்தான். "தம்பி, ஏ.சி.யில் மக்கல் வாடை வருது, கேஸ் போடணுமா?" என்று ஒரு அம்மா கேட்பார். வாடைக்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்துகொண்டே கேஸுக்குக் காசு வாங்குவதும் நம் கையில். டிரேயைக் கழற்றிக் காட்டி, அடைப்பை எடுத்துவிடுவதும் நம் கையில். அந்த வீட்டுக் குழந்தை அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினால், நாம் படித்த டிப்ளமோவுக்கு அதைவிடப் பெருமை ஏது நண்பர்களே!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்