தொடக்க நிலை இரைப்பைப் புற்றுநோய்: அறுவைச் சிகிச்சையும் ஆயுளும்

இரைப்பையில் புற்றுநோய் எனக் கேட்ட அளவிலேயே நம்பிக்கை இழப்போர் பலர். ஆயின், இந்நோயுற்றோர் பிழைப்பது பெரும்பாலும் ஒன்றையே பொறுத்துள்ளது. புற்று இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் ஊடுருவிய பின் கண்டறியப்படுகிறது என்பதே அது.

இரைப்பையின் சுவர் பல அடுக்குகளால் ஆனது. உணவு படும் உள்ளடுக்கு சளிச்சவ்வு எனப்படும். அதன் கீழ் மெல்லிய இணைப்புத் திசுவும், அப்பால் தசையும், புறத்தே மேலுறையும் அமைந்துள்ளன. புற்று சளிச்சவ்விலே தோன்றுகிறது. முதலிரண்டு அடுக்குகளை அது கடவாதிருப்பின், அதன் பரப்பு எவ்வளவாயினும், 'தொடக்க நிலை' எனக் கொள்ள வேண்டுமென்று ஜப்பானிய அறிஞர்கள் 1962-ஆம் ஆண்டில் வரையறுத்தனர்.

1881 ஜனவரி 29 அன்று வியன்னா நகரில் தியோடர் பில்ராத் என்னும் அறுவை மருத்துவர், 43 வயதுப் பெண்ணொருவரின் இரைப்பையிலிருந்து புற்றுற்ற பகுதியை அகற்றி, எஞ்சியதைச் சிறுகுடலோடு இணைத்தார். அப்பெண் அறுவையினின்று தேறினார். எனினும் நோய் முன்னரே பரவியிருந்தமையால் ஏறக்குறைய 4 மாதங்களில் இறந்தார். அறுவை வென்றது, ஆனால் காலம் கடந்துவிட்டிருந்தது.

இக்காலத்தில் இரைப்பையின் ஒரு பகுதியோ முழுமையுமோ, அதனைச் சூழ்ந்த நிணநீர்க் கணுக்களுடன் அகற்றப்படுகிறது. புற்று சளிச்சவ்வளவில் நின்றால், நூற்றில் ஏறக்குறைய மூவருக்கே கணுக்களில் பரவியிருக்கும். இரண்டாம் அடுக்கை எட்டினால் ஏறக்குறைய இருபதின்மருக்குப் பரவியிருக்கும். கணுக்களை அகற்றுவதன் காரணம் இதுவே. மிகச் சிறிய, மேலோட்டமான புற்றை வயிற்றைக் கீறாமல், எண்டாஸ்கோப் கருவியை வாய்வழியே செலுத்தியும் எடுத்துவிடலாம். தொடக்க நிலையில் சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் 5 ஆண்டுகளைக் கடந்து வாழ்வதை ஜப்பானிய அனுபவம் காட்டுகிறது. தொலை உறுப்புகளுக்குப் பரவியபின் அவ்வாறு வாழ்வோர் மிகச் சிலரே.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் 1981-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதே நகரின் ஸ்ரீவராகத்திலிருந்து அங்குச் செல்லச் சில கிலோமீட்டர்களே. எனினும், அருகில் வாழ்வோரும் அஜீரணம் எனக் கருதி அமிலமுறி மாத்திரைகளை மாதக்கணக்கில் உட்கொண்டிருந்தால், அவ்வண்மையால் பயனில்லை. மாத்திரை வலியைத் தணிக்கும், புற்றை நிறுத்தாது.

தொடக்கத்தில் இந்நோய் அறிகுறியின்றியும் இருக்கக்கூடும். ஆகவே நடுவயதைக் கடந்தோருக்குப் புதிதாக அஜீரணம் தோன்றி நீடித்தாலும், எவ்வயதினருக்கும் உடல் மெலிவு, இரத்தசோகை, ஓயாத வாந்தி, கருநிற மலம் ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும், எண்டாஸ்கோப் பரிசோதனைக்குத் தாமதமின்றி அனுப்புதல் வேண்டும். களப்பணியாளரும் ஆசிரியரும் உரிய காலத்தில் கூறும் இவ்வொரு சொல், ஓர் உயிரைக் காக்க வல்லது.