முற்றத்துச் சிற்றுயிர்கள்

இயற்கையை ஆராய விரும்புவோர் பெருங்காடுகளையும் மலைகளையும் நாடிச் செல்ல வேண்டும் என்பது பலரது எண்ணம். பிரான்சு நாட்டுப் பூச்சியியல் அறிஞர் பாப்ர் அவ்வாறு எண்ணவில்லை. 1879ஆம் ஆண்டில் செரிஞான் என்னும் சிற்றூரில் வேளாண்மைக்கு உதவாத கல்லு நிலமொன்றை வாங்கிக் குடியேறிய அவர், 1915இல் இறக்கும்வரை அந்நிலத்துக் குளவிகளையும் வண்டுகளையும் சிலந்திகளையும் கவனிப்பதையே தம் பணியாகக் கொண்டார். பூச்சிகளின் வாழ்வைப் பற்றி அவர் எழுதிய பத்துத் தொகுதிகளிற் பெரும்பாலானவை அங்கிருந்து எழுதப்பட்டவையே.

கிளிநொச்சியிலுள்ள ஒரு சாதாரண வீட்டு வளவும் இத்தகைய ஆராய்ச்சிக்குப் போதுமானது. போர் 2009இல் முடிவுற்ற போதிலும், வன்னியின் சில இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் நிறைவு பெறவில்லை. ஆதலால், மாணவர் காட்டோரங்களிற் புகுந்து திரிதல் தகாது. வீட்டு முற்றத்திலோ அந்த அச்சமில்லை.

மாரி நீங்கி, வைகாசியிற் சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் நிலம் வறண்டு மண் புழுதியாகிறது. அப்பொழுது தாழ்வாரத்தின் ஓரத்தில், மழை படாத மென்மணலில், புனல் வடிவான சிறு குழிகள் தோன்றும். இவை குழியானையின் வேலையாகும். இப்புழு பின்னோக்கி வட்டமிட்டு நகர்ந்து, மணலைத் தலையால் வீசியெறிந்து குழியை அமைக்கிறது. பின்னர் அடியிற் புதைந்து, தாடைகளை மட்டும் விரித்துக் காத்திருக்கிறது. எறும்பொன்று விளிம்பில் வழுக்கினால், மேலும் மணலை வீசி அதனைக் கீழே விழச் செய்கிறது. இதுவே பின்னாளிற் கண்ணாடிச் சிறகுடைய, தும்பி போன்ற பூச்சியாக மாறுகிறது.

நண்பகலிற் கிணற்றடிக்குச் சென்றால் தும்பிகளைக் காணலாம். வெயில் உச்சியில் நிற்கும்போது சில தும்பிகள் வாலை வானை நோக்கிச் செங்குத்தாக உயர்த்தி நிற்கும். உடலின் மீது படும் வெயிலைக் குறைத்துக்கொள்ளும் உபாயம் இது. பறந்து சென்ற தும்பி பெரும்பாலும் அதே குச்சிக்கே மீள்வதால், பொறுமையுடன் காத்திருப்பவருக்கு நல்ல படம் கிடைக்கும்.

மாமரத்தில் முசுறுகள் இலைகளை இணைத்துக் கூடு கட்டுகின்றன. அவை தம் புழுக்களை வாயிற் கவ்வி, இலையின் விளிம்புகளிடையே இங்குமங்கும் அசைத்து, அப்புழுக்கள் சுரக்கும் பட்டிழையால் இலைகளை ஒட்டுகின்றன. ஆயின், அம்மரத்தில் முசுறு போற் காணப்படுவன யாவும் முசுறுகள் அல்ல. முசுறின் நிறமும் ஒடுங்கிய இடையும் கொண்ட சிலந்தியொன்றும் அவற்றின் அருகே வாழ்கிறது. தன் முன்னங்கால் இரண்டையும் உயர்த்தி, எறும்பின் உணர்கொம்புகளைப் போல அசைத்து அது பகைவரை ஏமாற்றுகிறது. கால்களை எண்ணிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். எறும்புக்கு ஆறு கால்கள், சிலந்திக்கோ எட்டு.

இவற்றைப் படம் பிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கைத்தொலைபேசியும், அதனுடன் பொருத்தக்கூடிய சிறு உருப்பெருக்கு வில்லையும் போதும். காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரையுள்ள நேரம் சிறந்தது. அப்போது ஒளி மென்மையாகச் சாய்ந்து விழும்; குளிர்ச்சியினாற் பூச்சிகளும் விரைந்து ஓடமாட்டா. உயிரியின் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து, தம் நிழல் அதன்மேற் படாதவாறு இருந்து, காற்று ஓயும் கணத்திற் படம் எடுத்தல் வேண்டும். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, முகத்திற்கு நேரே ஒன்று என மூன்று படங்களாவது எடுத்தல் நன்று; சிலந்திகளின் குடும்பத்தை அறியக் கண்களின் அமைப்பு பெரிதும் உதவும். நாள், நேரம், இடம், இருந்த செடி ஆகியவற்றையும் குறித்துவைத்தல் இன்றியமையாதது. அக்குறிப்பு இல்லாத படம் அழகுக்கு மட்டுமே உதவும். குறிப்புள்ள படம் சான்றாகும்.

அத்தகைய சான்றின் பெறுமதியைக் கிளிநொச்சிக்குத் தெற்கேயுள்ள மாங்குளத்தில் நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பு உணர்த்தும். 2009ஆம் ஆண்டில், ஊரவரிடமிருந்து இறந்த ஆண் சிலந்தியொன்று ஆய்வாளர் கைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து தேடியபோது, பெண் சிலந்தியும் குஞ்சுகளும் அகப்பட்டன. அவை காணப்பட்ட இடங்களுள் மாங்குள மருத்துவமனையின் பழைய வைத்தியர் விடுதியும் ஒன்று. காலை விரித்தால் ஏறத்தாழ இருபது சென்ரிமீற்றர் அகலமும், கால்களில் மஞ்சள் நிறக் கோலமும், வயிற்றைச் சுற்றி இளஞ்சிவப்புப் பட்டையும் கொண்ட அது, 2012இல் புதிய இனமாக அறிவியல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. மக்கள் புலிமுகச் சிலந்தி என அஞ்சும் வகையைச் சேர்ந்தது அது. முதுமரப் பொந்துகளே இவ்வகைச் சிலந்திகளின் இயல்பான உறைவிடம். மரங்கள் அழியவே அவை பழைய கட்டடங்களை நாடுகின்றன. இவற்றின் கடி மிகுந்த நோவைத் தரும் என்பது உண்மையே. ஆதலாற் கையால் தொடாது எட்ட நின்று பார்த்தலே முறை. எனினும், கண்டவுடன் தும்புத்தடியை எடுப்பது முறையன்று. அவ்விறந்த சிலந்தியை எவரேனும் குப்பையில் எறிந்திருந்தால், அவ்வினத்தை உலகம் அன்று அறிந்திராது.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் குழியானையின் குழிகள் கலைந்துவிடும். ஈர மண்ணிலிருந்து செம்பட்டு உடுத்தாற்போலத் தம்பளப்பூச்சிகள் வெளிவரும். அவற்றையும் பூச்சி என்றே அழைக்கிறோம். ஆயின், குனிந்து கால்களை எண்ணும் சிறுவன், அவை எட்டு என்று கண்டு, சிலந்தியின் உறவு அது எனத் தானே அறிந்துகொள்வான். ஒரு கோடை முழுவதும் முற்றத்தை உற்று நோக்கியவன் பெறும் கல்வி அதுவாகும்.