கோல் போட்ட காவல்காரர்

கோல் அடித்தவருக்கு மாலை விழும். கோலைத் தடுத்தவருக்கு? பெயரைக்கூட யாரும் கேட்பதில்லை.

கால்பந்தாட்டத்தில் பின்வரிசையில் நிற்பவரின் பிழைப்பு இதுதான். 90 நிமிடமும் ஓடி ஓடித் தடுப்பார். அதற்குப் பாராட்டு கிடையாது. ஒரே ஒரு முறை கால் பிசகினால் மைதானமே ஏசும்.

அப்படிப்பட்ட ஒரு பின்வரிசை ஆட்டக்காரரை பெங்களூர் ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அவர் பெயர் ராகுல் பேகே.

டெபுடேஷன் வாழ்க்கை

பேகே பெங்களூர்க்காரர் அல்ல. 1990-ம் ஆண்டு மும்பையில் பிறந்தவர். அங்கே ஆடிப் பழகி, பிறகு பிழைப்புத் தேடி கொல்கத்தா சென்று, ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்தார்.

அப்போது ஐ லீக், இந்தியன் சூப்பர் லீக் என்று இரண்டு போட்டிகள் தனித்தனியே நடந்தன. ஒரு கிளப்பின் ஆட்டக்காரரைச் சில மாதங்களுக்கு இன்னொரு கிளப்புக்கு இரவல் கொடுப்பார்கள். ஆபீசில் டெபுடேஷன் போடுவது போலத்தான். அப்படி 2015-ல் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கும், 2016-ல் புனே சிட்டி அணிக்கும் ஆடினார். பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாகக் காலம் போயிற்று.

2017-ல் பெங்களூர் எப்.சி. அவரை அழைத்துக்கொண்டது.

கண்டீரவாவில் கண்ணீர்

2018 மார்ச் 17. கண்டீரவா மைதானத்தில் இறுதி ஆட்டம். பெங்களூரை எதிர்த்து வந்தது சென்னையின் எப்.சி. பிறந்த மண்ணுக்குக் கை தட்டுவதா, சோறு போடும் ஊருக்குக் கை தட்டுவதா என்று இங்குள்ள தமிழர்கள் தவித்த நாள் அது.

சுனில் சேத்ரி 9-வது நிமிடத்திலேயே கோல் போட்டார். ஆனால் சென்னை அணியின் பின்வரிசை ஆட்டக்காரர், பிரேசில் நாட்டு மெயில்சன் ஆல்வ்ஸ், இரண்டு முறை பந்தைத் தலையால் முட்டிக் கோல் ஆக்கினார். 3-2 என்று கோப்பை சென்னைக்குப் போயிற்று.

பின்வரிசைக்காரர் நினைத்தால் கோப்பையையே பறிக்கலாம் என்பதை பெங்களூர் அன்று கண்டது.

சொந்த ஊரில் அந்த கோல்

சரியாக ஓர் ஆண்டு கழித்து, 2019 மார்ச் 17-ல் மறுபடியும் இறுதி ஆட்டம். இம்முறை எதிரி கோவா. இடம் மும்பை. பிறந்த ஊரிலேயே வேறோர் ஊரின் சட்டையைப் போட்டு இறங்கினார் பேகே.

90 நிமிடம் முடிந்தும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் கோவாவின் அகமது ஜாஹு வெளியேற்றப்பட்டார். அப்போதும் கோல் விழவில்லை. பெனால்டி முறைக்கு மூன்றே நிமிடம் பாக்கி.

117-வது நிமிடம். டிமாஸ் டெல்காடோ கார்னரிலிருந்து பந்தை உதைத்தார். கூட்டத்தில் எழும்பி, தலையால் முட்டினார் பேகே. கோல்!

1-0. பெங்களூருக்கு முதல் ஐ.எஸ்.எல். கோப்பை. பட்டியலில் முதலிடம் பெற்ற அணியே கோப்பையும் வென்றது அதுவே முதல் முறை.

28 வயதில் இந்தியச் சட்டை

அந்த கோலுக்கு மூன்று மாதத்திற்குள் இந்திய அணியில் இடம் கிடைத்தது. 2019 ஜூனில், தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் முதன்முதலாக நாட்டுக்காக ஆடினார். அப்போது வயது 28.

2021-ல் சொந்த ஊரின் மும்பை சிட்டி அணிக்குப் போனார். 2022 ஏப்ரலில் ரியாத் நகரில் ஈராக்கின் விமானப்படை அணி முதலில் கோல் போட்டும், மும்பை 2-1 என்று வென்றது. வெற்றி கோல் பேகேயின் தலையிலிருந்து வந்தது. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் இந்திய கிளப் ஒன்று வென்ற முதல் ஆட்டம் அது. 2024 மே மாதம் மும்பையின் தலைவராக ஐ.எஸ்.எல். கோப்பையை ஏந்தினார். அதே ஆண்டு பெங்களூருக்கே திரும்பினார்.

அல்சூர் கவுதமபுரத்தில் பெலேக்குச் சிலையே உண்டு. அங்கு பந்து உதைக்கும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் பெலேயைப் போல முன்வரிசையில் ஆடத்தான் ஆசை. "நீ பின்னால் நில்" என்றால் முகம் வாடிவிடும்.

அந்தப் பிள்ளைகளுக்கு 117-வது நிமிடத்தின் கதையைச் சொல்லுங்கள்.